எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம்? பிறர் அனுபவத்தை எடைபோடும் முறை

அத்தியாயம் 6

கர்ப்பம் உறுதியான மறுநாளே வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு தொடங்கிவிடும். "ஜி.எச்.லயா? வேண்டவே வேண்டாம்" என்பார் ஒருவர். "அந்த நர்சிங் ஹோம்ல கால் வச்சாலே ஆபரேஷன்தான்" என்பார் இன்னொருவர். மாமியார் ஒரு டாக்டரம்மா பெயரைச் சொல்வார், அம்மா வேறொருவர் பெயரைச் சொல்வார். இவர்களில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் எல்லாருமே முடிவை வைத்துத்தான் பேசுகிறார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்திருந்தால் அது ராசியான ஆஸ்பத்திரி. ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தெருப்பக்கமே போகக் கூடாது.

பிரசவத்தில் இந்தக் கணக்கு உதவாது. பெரும்பாலான பிரசவங்கள் சுமாரான கவனிப்பிலும் நல்லபடியாக முடிந்துவிடும். சில பிரசவங்களில், எத்தனை திறமையான மருத்துவர் இருந்தாலும் சிக்கல் வரும். ஆக, முடிவை மட்டும் கேட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றி எதுவும் தெரியாது. எத்தனை மணிக்கு, யார் வந்து, என்ன செய்தார்கள் என்று கேட்டால் தெரியும். ஊரார் சொல்லும் கதைகளிலிருந்து இந்த விவரங்களைப் பிரித்தெடுப்பதற்கும், அவற்றை அருகருகே வைத்து ஆஸ்பத்திரியை முடிவு செய்வதற்கும் இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

முதலில், எது எதற்கானது?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி 99.6 சதவீதம். இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். "அரசா, தனியாரா" என்று கேட்பதைவிட, அந்த இடத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

ஆரம்ப சுகாதார நிலையம்: சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு ஏற்ற இடம். பிரசவம் பார்க்கும் நிலையங்களில் 24 மணி நேரமும் ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். கூட்டம் குறைவு. மாதாமாதம் பரிசோதனைக்குப் போன இடம் என்பதால் முகம் தெரிந்தவர்கள். ஆனால் பெரும்பாலான நிலையங்களில் எந்நேரமும் ஆபரேஷன் செய்யும் வசதி கிடையாது. ஆகவே இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: சிக்கல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், 108 வண்டியில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

சீமாங் மையம்: பெரிய தாலுகா மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் அவசரகாலப் பிரசவ சிகிச்சை மையம். மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் ஆகிய ஐந்தும் இரவு பகலாக இருக்க வேண்டும் என்பதே இந்த மையத்தின் நோக்கம். அந்த ஐந்தும் உங்கள் ஊர் மையத்தில் இரவிலும் இருக்கின்றனவா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: இதய நோய், வலிப்பு, இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது போன்ற சிக்கல்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம். 1844-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும், கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்லப்படும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.மும் சென்னையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நெரிசல் இருக்கும். பயிற்சி மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். தனிமை குறைவு. ஆனால் நடுநிசியிலும் மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பார்.

நர்சிங் ஹோம்: ஒரு மருத்துவரின் பெயரில் நடப்பது. பரிசோதனையிலிருந்து பிரசவம் வரை ஒரே முகம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கலாம். ரத்தமும் வெளியிலிருந்து வாங்கி வர வேண்டியிருக்கலாம். குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கலாம்.

பெரிய தனியார் மருத்துவமனை: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி எல்லாம் உள்ளேயே இருக்கும். செலவைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

யாரிடம் கேட்பது?

எல்லார் அனுபவமும் உங்களுக்குப் பொருந்தாது. முப்பது வருஷத்துக்கு முன் பெரியம்மாவுக்கு நடந்ததை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். அதை வைத்து ஆஸ்பத்திரியை முடிவு செய்ய முடியாது. மருத்துவர் மாறியிருப்பார், கட்டடம் மாறியிருக்கும், விதிமுறையும் மாறியிருக்கும்.

மூன்று விஷயம் ஒத்துப்போகிறவர்களைத் தேடுங்கள். ஒன்று, கடந்த இரண்டு வருஷத்துக்குள் அதே இடத்தில் பெற்றிருக்க வேண்டும். இரண்டு, உங்களைப் போன்ற உடல்நிலை இருந்திருக்க வேண்டும். முதல் பிரசவம் என்றால் முதல் பிரசவம், முதல் குழந்தை சிசேரியன் என்றால் அவருக்கும் அப்படி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அவருக்கும் அப்படி. மூன்று, முடிந்தால் இரவில் வலி எடுத்துப் போனவராக இருக்கட்டும். பகல் பதினொரு மணிக்கு எல்லா ஆஸ்பத்திரியும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு எப்படி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரே ஆளின் பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரையாவது கேளுங்கள். உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரையோ நகர்ப்புறச் செவிலியரையோ தவறாமல் கேளுங்கள். அந்தப் பகுதியில் யார் யாருக்கு எங்கே குழந்தை பிறந்தது, யாரை எங்கிருந்து எங்கே மாற்றி அனுப்பினார்கள் என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும்.

கேட்கும் விதம்

"எப்படிப் பார்த்தாங்க?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும், மணிக்கணக்கோடு கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு மாதிரிப் பேச்சு. கேட்பவர் ஏழு மாதக் கர்ப்பிணி. பதில் சொல்பவர் எதிர்வீட்டு அக்கா. போன வருஷம் அரசு மருத்துவமனையில் பெற்றவர்.

"அக்கா, உங்களுக்கு அங்க எப்படிப் பார்த்தாங்க?"

"அத ஏன் கேக்குற. மகா மோசம். ஒரே ஏச்சும் பேச்சும்தான். நீ அங்க போயிராத."

"நீங்க எத்தன மணிக்குக்கா போனீங்க?"

"ராத்திரி பதினொண்ணு இருக்கும். பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

"போனதும் யாரு பார்த்தா?"

"ஒரு நர்சம்மா. பி.பி. பார்த்துட்டு, வயித்துல மிஷின வச்சுக் குழந்தை துடிப்பு கேட்டாங்க. அரை மணிக்கு ஒருக்கா வந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க."

"டாக்டர் எப்ப வந்தாங்க?"

"ரெண்டு மணி வாக்குல துடிப்பு குறையுதுன்னு நர்சம்மா கூப்பிட்டாங்க. உடனே வந்துட்டாங்க. அவருகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. மூணு மணிக்கெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சு புள்ள வெளிய."

"அப்ப ஏசுனது யாருக்கா?"

"அது ஒரு ஆயாம்மா. வலி தாங்காம எந்திரிச்சு நின்னேன், அதுக்குத்தான் அந்தப் பேச்சு. அம்மாவ வேற வெளியவே நிறுத்திட்டாங்க. புள்ளையப் பார்க்கணும்னா காசு குடுன்னு வாசல்ல ஒருத்தன்."

முதல் பதிலோடு பேச்சு நின்றிருந்தால் அந்த ஆஸ்பத்திரி பட்டியலிலிருந்து போயிருக்கும். முழுவதும் கேட்ட பிறகு இரண்டு விஷயம் தனித்தனியாகத் தெரிகிறது. மருத்துவக் கவனிப்பு நன்றாக இருந்திருக்கிறது. அரை மணிக்கு ஒரு தரம் துடிப்பு பார்த்திருக்கிறார்கள், மாற்றம் தெரிந்ததும் மருத்துவர் வந்திருக்கிறார், ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை வெளியே வந்திருக்கிறது. நடத்தை மோசமாக இருந்திருக்கிறது. ஏச்சு, உடன் ஆள் விடாதது, காசு கேட்டது. இரண்டும் முக்கியம்தான். ஆனால் இரண்டையும் ஒரே "மோசம்" என்ற சொல்லில் கட்டிவிட்டால், எதைச் சகிக்க வேண்டியிருக்கும், எதை எதிர்த்துக் கேட்கலாம் என்பது தெரியாமல் போகும்.

இதற்கு நேர்மாறான பேச்சும் உண்டு. "சூப்பரா பார்த்தாங்க, ஏ.சி. ரூம், சாப்பாடு அருமை" என்பார் ஒருவர். விசாரித்தால், இரவு முழுக்க ஒரு தரம்கூட மருத்துவர் வரவில்லை, துடிப்பு எத்தனை தரம் பார்த்தார்கள் என்று நினைவில்லை, காலையில்தான் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், அதற்குள் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள் என்று வரும். அறை நன்றாக இருந்தது உண்மை. பிரசவக் கவனிப்பு வேறு கணக்கு.

கேட்க வேண்டியவை

கீழே உள்ளவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் இதே வரிசையில் கேளுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது, பதிலை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கான குறிப்பு.

1. போய்ச் சேர்ந்து எவ்வளவு நேரத்தில் முதல் பரிசோதனை நடந்தது? (உடனே. காத்திருக்கும் இடத்தில் உட்காரவைத்திருந்தால் அது குறை.)

2. வலி நன்றாக எடுத்த பிறகு குழந்தையின் துடிப்பை எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தார்கள்? (உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை. முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை.)

3. உள் பரிசோதனை எத்தனை முறை, எத்தனை பேர் செய்தார்கள்? (வழக்கமான பிரசவத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். அனுமதி கேட்டார்களா, திரை இருந்ததா என்பதையும் கேளுங்கள்.)

4. தண்ணீர் குடிக்க, நடக்க, பக்கவாட்டில் படுக்க விட்டார்களா? (சிக்கல் இல்லாதவருக்குத் தடை தேவையில்லை.)

5. உடன் ஒருவரை லேபர் வார்டுக்குள் விட்டார்களா? (அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை வைத்துக்கொள்ளும் முறையைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்தது. பெரும்பாலும் பெண் உறவினர் ஒருவரை அனுமதிப்பார்கள். "இங்கெல்லாம் கிடையாது" என்று வாசலில் சொன்னால், உள்ளே நர்ஸ் கண்காணிப்பாளரைக் கேளுங்கள்.)

6. வலி வர ஊசி போட்டார்களா, ஏன் என்று சொன்னார்களா? (காரணமும் நேரமும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும்.)

7. வெட்டித் தையல் போட்டார்களா? (எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. தேவைப்பட்டவருக்கு மட்டும்.)

8. குழந்தை பிறந்ததும் எங்கே வைத்தார்கள், எப்போது பால் கொடுக்க வைத்தார்கள்? (தாயின் நெஞ்சின்மேல் தோலோடு தோலாக. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆபரேஷன் என்றாலும் கூடிய விரைவில்.)

9. பிரசவத்துக்குப் பிறகு முதல் இரண்டு மணி நேரம் யாராவது வந்து உதிரப்போக்கைப் பார்த்தார்களா? (பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும். "பெத்ததும் எல்லாரும் போயிட்டாங்க" என்ற பதில் எச்சரிக்கை.)

10. எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? (சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் இருப்பது நல்லது. வீட்டுக்கு அனுப்பும்முன் குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள்.)

ரத்த வகை நெகட்டிவ் ஆக இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் வகையாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறதா, வெளியில் வாங்கச் சொல்வார்களா?

சிசேரியன் கணக்கை எப்படிப் பார்ப்பது?

ஊர்ப்பேச்சில் அதிகம் அடிபடுவது இதுதான். கணக்கும் அந்தப் பேச்சுக்கு இடம் தருகிறது. 2015-16-இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 சதவீதம் சிசேரியன். 2019-21-இல் 44.9 சதவீதம். தனியாரில் மட்டும் 63.8, அரசில் 36. இந்திய சராசரி 21.5. ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடுவதால் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது.

ஆனால் இந்த எண்களைத் தனி ஆஸ்பத்திரிமேல் அப்படியே பொருத்தக் கூடாது. சுற்றுவட்டாரச் சிக்கல்களெல்லாம் வந்து குவியும் மருத்துவக் கல்லூரியில் விகிதம் கூடத்தான் இருக்கும். சிக்கலானவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடும் சிறிய இடத்தில் குறைவாகத்தான் இருக்கும். இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க, மைக்கேல் ராப்சன் என்ற மருத்துவர் 2001-இல் பிரசவங்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்தார். ஒரே வகையினரை ஒரே வகையினரோடு ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம். நீங்களும் அதைச் செய்யலாம். முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்தது, தானாக வலி எடுத்தது. இந்த ஐந்தும் பொருந்துகிறவர்களில் பத்துப் பேருக்கு எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது என்று மருத்துவரிடமே கேளுங்கள். துல்லிய எண் வராமல் போகலாம். கேள்வியை அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதும் ஒரு பதில்தான்.

காரணங்களையும் கொஞ்சம் அலசுங்கள். "கொடி சுத்தியிருந்துச்சு, அதான் ஆபரேஷன்" என்று பலர் சொல்வார்கள். நூற்றுக்கு இருபது, முப்பது குழந்தைகளுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலானவை சுகப்பிரசவமாகவே பிறக்கும். கொடி சுற்றியதோடு துடிப்பும் குறைந்தது என்றால் அது காரணம். ஸ்கேனில் கொடி தெரிந்தது என்பது மட்டும் காரணமாகாது. "தலை இறங்கல" என்றால், வலி எடுத்து எவ்வளவு நேரம் பார்த்த பிறகு என்று கேளுங்கள். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிரக் கட்டம் தொடங்குகிறது என்றும், முதல் பிரசவத்தில் அதன்பின் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது மூன்று மணி நேரத்தில் பொறுமை போய்விட்டது என்றால் அது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆபரேஷனைக் கேட்டு வாங்குவதும் நடக்கிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்துக்காக நாள் பார்ப்பது அதில் ஒன்று. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். நாள் குறித்தாக வேண்டிய ஆபரேஷன் என்றால் 39 வாரம் முடிந்த பிறகு நல்ல நேரம் பாருங்கள்.

முதல் குழந்தை சிசேரியன் என்றால், இரண்டாவதைச் சுகப்பிரசவமாக முயன்று பார்க்கும் மருத்துவமனை எது என்று தனியாக விசாரியுங்கள். எல்லாருக்கும் அது ஏற்றதல்ல. முயலும் இடத்தில் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் அந்த நேரம் முழுக்கத் தயாராக இருந்தாக வேண்டும்.

நேரில் போய்ப் பாருங்கள்

கேள்விப்பட்டதைக் கண்ணால் சரிபார்க்க ஏழாம் மாதம் நல்ல சமயம். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு முகாம் நடக்கும். அன்று போனால் பரிசோதனையும் ஆகும், இடத்தையும் பார்க்கலாம். லேபர் வார்டுக்குள் விட மாட்டார்கள். வாசலிலிருந்தே தெரிகிற விஷயங்கள் பல. கழிப்பறை லேபர் வார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? பெற்ற தாய்மார் கட்டிலுக்கு ஒருவராகப் படுத்திருக்கிறார்களா? கை கழுவும் குழாயில் சோப்பு இருக்கிறதா? வலியோடு வருபவர் இரவில் எந்த வாசலில் வர வேண்டும்? வார்டு வராந்தாவில் பேரக்குழந்தைக்குக் காத்திருக்கும் பாட்டிமாரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்த விசாரணையிலும் வராத விவரமெல்லாம் வந்து கொட்டும்.

தனியார் மருத்துவமனையில் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். "எனக்கு ராத்திரி வலி எடுத்தா நீங்க வருவீங்களா, டூட்டி டாக்டர்தான் பார்ப்பாங்களா? மயக்க டாக்டர் எங்க இருந்து வருவாங்க? அவசர ஆபரேஷன்னு நீங்க முடிவு பண்ணினா எவ்வளவு நேரத்துல ஆரம்பிப்பீங்க? நீங்க ஊர்ல இல்லாட்டி உங்களுக்குப் பதிலா யாரு?" மிக அவசரமான ஆபரேஷனுக்கு அரை மணி நேரம் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் அளவுகோல். மயக்க மருத்துவர் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர வேண்டும் என்றால் அந்த அளவுகோல் அங்கே நடக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்து, "பிரசவ வலின்னா இப்ப வரலாமா, டாக்டர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவு

அரசு மருத்துவமனையில் பிரசவம் முழுவதும் இலவசம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. வரும்போது 108, பெற்று வீடு திரும்பும்போது 102 தாய்சேய் ஊர்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு இது உண்டு. தவணை விவரத்தைச் செவிலியரிடம் கேளுங்கள். தனியாரில் பெறுவதாக இருந்தாலும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள்.

இலவசம் என்றாலும் குழந்தையைக் காட்ட, ஸ்ட்ரெச்சர் தள்ள என்று கை நீட்டுபவர்களைப் பற்றிப் பலர் சொல்வார்கள். அப்படிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம், சுகாதார உதவி எண் 104-க்கோ முதல்வரின் உதவி மையம் 1100-க்கோ அழைக்கலாம். பிரசவ நேரத்தில் பெண்ணும் தாயும் சண்டை போடும் நிலையில் இருக்க மாட்டார்கள். வெளியில் நிற்கும் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

தனியாரில் "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அதை ஏற்கும்முன் அதில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் வெளியே நிற்பவை: மயக்க மருத்துவர் கட்டணம், குழந்தை மருத்துவர் கட்டணம், மருந்துக் கடை பில், ரத்தம், குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நாள் வாடகை. சுகப்பிரசவத்துக்குச் சொன்ன தொகை நடுவில் சிசேரியனாக மாறினால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். உங்களைப் போலவே அங்கே பெற்ற ஒருவரின் கடைசி பில்லைப் பார்க்க முடிந்தால், வரவேற்பறையில் கொடுக்கும் அட்டையைவிட அது நம்பகமானது. காப்பீடு இருந்தால், பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, பிறந்த குழந்தைக்கு எந்த நாளிலிருந்து பாதுகாப்பு என்று பாலிசியில் பாருங்கள்.

கையெழுத்தும் காகிதமும்

அனுபவம் கேட்கும்போது பலர் சொல்லாமல் விடும் இரண்டு விஷயத்தை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

முதலாவது, காப்பர்-டி. பிரசவம் முடிந்த கையோடு கருத்தடை வளையம் பொருத்தும் முறை அரசு மருத்துவமனைகளில் உண்டு. நல்ல முறைதான். ஆனால் உங்கள் சம்மதம் வேண்டும். "போட்டதே எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் உங்கள் விருப்பத்தை முன்னதாகவே அட்டையில் எழுதிவிடச் சொல்லுங்கள். வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் இதுவே.

இரண்டாவது, ஆவணம். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன பிரசவம், ஏன் ஆபரேஷன், குழந்தையின் எடை, பிறந்தவுடன் அழுததா, என்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் இருந்ததா? வெறும் ஒரு வரியில் முடித்துவிட்டார்களா? நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவின் நகலை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அடுத்த பிரசவத்தில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

முடிவெடுக்கும் தாள்

32-ஆம் வாரத்தில் ஒரு தாளை எடுத்து, பார்த்த ஆஸ்பத்திரிகளை மேலே வரிசையாக எழுதுங்கள். பக்கவாட்டில் நான்கு தலைப்பு:

ஆபத்து: நள்ளிரவில் மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர், குழந்தைக்கான சிகிச்சை. இருக்கிறதா, இல்லையா?

தூரம்: இரவில், மழையில், ரயில்வே கேட் மூடியிருந்தால் எவ்வளவு நிமிடம்? மாமியார் வீட்டிலிருந்தா, தாய்வீட்டிலிருந்தா?

நடத்தை: உடன் ஆள், திரை, பேச்சு, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்.

செலவு: எழுத்தில் வாங்கிய தொகை, அதோடு கடைசி நேரச் செலவு.

நான்குக்கும் ஒரே எடை வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் முதல் தலைப்பே முடிவு செய்யட்டும். அந்த வரிசையில் எல்லா வசதியும் உள்ள ஆஸ்பத்திரி எது என்று பார்த்து, கூட்டமும் ஏச்சும் இருந்தாலும் அங்கேயே போங்கள். சிக்கல் எதுவும் இல்லாதவர், ஆபத்து வரிசை ஓரளவு சமமாக இருக்கும் இடங்களில் தூரத்தையும் நடத்தையையும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். பத்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றால், முகம் தெரிந்த நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் அவருக்கு நல்ல தேர்வு.

தாளின் அடியில் இரண்டாவது ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதுங்கள். பனிக்குடம் உடைந்தால், உதிரம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றால் எங்கே போவது என்ற பேச்சு வீட்டில் எழக் கூடாது. தாளைப் பரிசோதனை அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகல் கணவரிடமும், இன்னொன்று அம்மாவிடமும் இருக்கட்டும். ஊரில் கார் வைத்திருந்து ராத்திரி கூப்பிட்டால் வருபவருக்கு இரண்டு ஆஸ்பத்திரியின் இரவு வாசலும் முன்பே தெரிந்திருக்கட்டும்.